எடுப்பு

"ஒன் கறுப்புக்குச் செம்பட்டைச் சாயம் எடுக்காது" என்கிறார்கள். எடுக்காது என்று தீர்மானிக்கிற கண் யாருடையது என்பதே என் கேள்வி.

எங்க மீமிசல் கடற்கரையில் வெயில் பட்டால் தோல் கறுக்கும். அதே வெயிலும் உப்புத்தண்ணியும் முடியைச் செம்பட்டையாக்கும். தோல் உயிருள்ளது, புதுசாய் நிறமி சுரக்கும். முடி செத்த இழை, போன நிறம் திரும்பாது. ஆக, கறுப்புத் தோலும் செம்பட்டை முடியும் உழைக்கிற உடம்பில் சேர்ந்தே விளைந்தவை. சத்தில்லாத பிள்ளைக்கும் முடி சிவக்கும். அப்போது "செம்பட்டைத் தலையா" என்று ஏச்சு. வசதியானவர்கள் காசு கொடுத்துப் பூசினால் நாகரிகம். நம்ம பையன் பூசினால் 'புள்ளிங்கோ' என்று கேலி.

2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியை எரித்தார்கள். அதன்பின், ஜீன்ஸும் கூலிங்கிளாசும் போட்டு தலித் இளைஞர்கள் பெண்களை மயக்குவதாக பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசினார். துணி உறுத்திய அதே கண்ணுக்குத்தான் முடியும் உறுத்துகிறது. 'பொருத்தம்' என்பது அழகியல் சொல் மாதிரி இருக்கும். உள்ளே கேட்பது "ஒன் எடத்துல இரு" என்கிற குரல்.

பல சாயங்களில் பாராபினைலீன் டையமின் இருக்கிறது, சிலருக்கு ஒவ்வாது. காதுக்குப் பின்னால் தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பூசுங்கள். தோலிடம் கேட்க வேண்டியது அது ஒன்றுதான். மற்றதை ஊரிடம் கேட்க வேண்டியதில்லை.