புள்ள நேத்து மாதிரி இல்லீங்க

குழந்தைகள் வார்டில் இரவு டூட்டி பார்த்த எந்த நர்ஸைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பதாகச் சொல்வார்: "புள்ள நேத்து மாதிரி இல்லீங்க." காய்ச்சல் குறைந்திருக்கும். நாடி ஓரளவு சரியாக இருக்கும். கேஸ் ஷீட்டில் புதிதாக எழுத ஒன்றும் இருக்காது. ஆனாலும் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு ஏதோ சரியில்லை என்று பட்டுவிட்டது. அதைச் சொல்ல அவளிடம் மருத்துவச் சொல் கிடையாது. முகமே சரியில்லை, கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறான், அழுகை வேறு மாதிரி இருக்கிறது, துவண்டு கிடக்கிறான் என்றுதான் சொல்ல முடியும். வருகிற பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "பயப்படாதீங்கம்மா, எல்லாம் நார்மலாத்தான் இருக்கு."

அந்தப் பதிலில் கனிவு இருக்கலாம். சொல்கிறவர் விடிய விடிய நாற்பது குழந்தைகளைப் பார்த்துக் களைத்தவராகவும் இருக்கலாம். ஆனால் தாய் கொடுத்தது ஒரு தகவல். பதில் கிடைத்தது அவளுடைய பயத்துக்கு. தகவல் எங்கும் எழுதப்படாமல் போயிற்று. பெற்றோர் தம் பிள்ளைக்காகப் பேசும்போது அதைப் பாசத்தின் கணக்கில் எழுதி ஒதுக்கிவைக்கும் பழக்கம் நமக்கு எல்லா இடத்திலும் உண்டு. பள்ளிக்கூடத்திலும் காவல் நிலையத்திலும் அதனால் கெடுதல் வருகிறது. மருத்துவமனையில் உயிரே போகிறது.

ஜோசி கிங் என்ற குழந்தையின் கதை மருத்துவ உலகம் நன்கு அறிந்தது. நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை. அமெரிக்காவின் பால்டிமோரில் 2001 ஜனவரியில், 18 மாதக் குழந்தையான ஜோசி, குளியல் தொட்டியில் கொதிநீர் பட்டு உடலில் பாதிக்கு மேல் வெந்துபோனாள். உலகின் முதல்தரமான மருத்துவமனைகளில் ஒன்றான ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சேர்த்தார்கள். நன்றாகத் தேறினாள். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். இன்னும் சில நாளில் வீடு திரும்ப வேண்டியவள்.

அப்போதுதான் தாய் சோரல் கிங் ஒன்றைக் கவனித்தார். குழந்தை ஈரத் துணியைக் கண்டால் பிடுங்கிச் சப்புகிறாள். யாராவது குடிப்பதைப் பார்த்தால் கத்துகிறாள். குழந்தைக்குத் தாகம் என்று தாய் சொன்னார். குடிக்கக் கொடுக்கக் கூடாது என்றார்கள். இரவில் ஜோசியின் கண்கள் செருகின. நர்ஸ் வந்து பார்த்து, அளவுகள் சரியாக இருக்கின்றன என்றார். தாய் விடாமல் இன்னொரு நர்ஸையும் பார்க்கச் சொன்னார். அவரும் அதையே சொன்னார். மறுநாள் காலை மருத்துவர்கள் வந்து, வலிமருந்தின் வேகத்தை முறிக்கும் ஊசியைப் போட்டார்கள். குடிக்கவும் அனுமதித்தார்கள். குழந்தை ஏறக்குறைய ஒரு லிட்டர் பழச்சாறு குடித்தாள். போதைத்தன்மை கொண்ட வலிமருந்து இனி வேண்டாம் என்று வாய்மொழியாக உத்தரவும் ஆயிற்று. பகல் ஒரு மணி வாக்கில் ஒரு நர்ஸ் அதே வகை வலிமருந்தான மெதடோன் சிரிஞ்சுடன் வந்தார். வேண்டாம் என்றல்லவா சொன்னார்கள் என்று தாய் தடுத்தார். உத்தரவு மாறிவிட்டது என்று சொல்லி மருந்தைக் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் குழந்தையின் இதயம் நின்றது. 2001 பிப்ரவரி 22 அன்று ஜோசி இறந்தாள்.

தாகம், செருகிய கண், வேண்டாத மருந்து. மூன்று முறையும் அந்தத் தாய் சொன்னது சரியாக இருந்தது. மூன்றும் அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாத செய்திகள் அல்ல. பார்த்தவர்கள் பலர். அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர் ஒருவர்தான். டூட்டி மாறும்போது நர்ஸ் மாறுகிறார், மருத்துவர் மாறுகிறார். தாய் மட்டும் மாறுவதில்லை. வார்டில் ஒரு குழந்தையின் நிலையைத் தொடர்ச்சியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே ஆள் அவள்தான். இந்தச் சாதாரண உண்மைக்கு எந்தக் கேஸ் ஷீட்டிலும் இடமில்லை.

சோரல் கிங் அந்தத் துக்கத்தோடு வீட்டில் முடங்கிவிடவில்லை. மருத்துவமனை கொடுத்த இழப்பீட்டைக் கொண்டு நோயாளிகளின் பாதுகாப்புக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அதே மருத்துவமனையின் மருத்துவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். 2005இல் பிட்ஸ்பர்க் நகரின் ஒரு மருத்துவமனையில் புதிய ஏற்பாடு ஒன்று வந்தது. நோயாளியின் குடும்பத்தினரே தொலைபேசியில் ஓர் எண்ணை அழைத்து, அவசர மருத்துவக் குழுவை வரவழைக்கலாம். ஜோசியின் மரணம்தான் அதற்குத் தூண்டுதல். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ரையன் சாண்டர்ஸ் என்ற குழந்தை 2007இல் இறந்தான். மூன்று வயதுகூட நிரம்பவில்லை. மகன் மோசமாகிக்கொண்டே போகிறான் என்று பெற்றோர் சொன்னது எடுபடவில்லை. அந்த மாநிலத்தில் இன்று அவன் பெயரிலேயே ஒரு விதி இருக்கிறது. முதலில் நர்ஸிடமோ மருத்துவரிடமோ சொல்ல வேண்டும். பயனில்லை என்றால் பொறுப்பு நர்ஸிடம். அதற்கும் பயனில்லை என்றால் ஓர் எண்ணை அழைத்து நோயாளியின் நிலையை மறுபடி ஆராய வேண்டும் என்று கோரலாம்.

இந்த விதிகள் வந்து பல ஆண்டுகள் கழித்து, 2021இல், லண்டனில் மார்த்தா மில்ஸ் இறந்தாள். பதினான்காம் பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்தன. வேல்ஸில் விடுமுறையின்போது சைக்கிளிலிருந்து விழுந்து கைப்பிடி வயிற்றில் குத்தியதில் கணையம் கிழிந்திருந்தது. கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அந்தக் காயத்துக்கான நிபுணர்கள் அங்கே இருந்தார்கள். நாட்கள் செல்லச் செல்லக் காய்ச்சல் ஏறியது, ரத்தம் கசிந்தது. நீண்ட வார விடுமுறை வந்தது. தொற்று ரத்தத்தில் கலந்து மகள் மோசமாகிவிடுவாளோ, அதுவும் இந்த விடுமுறையில் நடந்துவிடுமோ என்று தாய் மெரோப் மில்ஸ் மருத்துவர்களிடம் வாய்விட்டே கேட்டார். உடம்பில் தடிப்பு வந்தபோது அதை மருந்து ஒவ்வாமை என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவினர் வந்து பார்த்தால் பெற்றோரின் பதற்றம் கூடும் என்று மூத்த மருத்துவர் ஒருவர் கருதியதாகத் தாய் பின்னர் எழுதினார். முன்கூட்டியே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் மார்த்தா பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். மருத்துவமனை நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது.

இதில் என்னை உலுக்கும் ஒன்று உண்டு. மெரோப் மில்ஸ் இங்கிலாந்தின் பெரிய நாளிதழ் ஒன்றில் மூத்த ஆசிரியர். ஆங்கிலம் அவர் தாய்மொழி. அமைச்சர்களைக் கேள்வி கேட்டுப் பழகியவர்கள் புழங்கும் உலகம் அவருடையது. அவரே மருத்துவர்களின் முன் அடங்கிப் போனார். அளவுக்கு மீறி நம்பினேன், இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும் என்று வருந்தி எழுதினார். அவருக்கே இந்த நிலை என்றால், கொல்லிமலையிலிருந்து பஸ் ஏறி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவளின் நிலை என்ன? அவள் கூட்டமாக ரவுண்ட்ஸ் வருகிறவர்களைக் கண்டதும் எழுந்து சுவரோரம் நிற்கிறாள். கேட்க நினைத்தது நாக்கில் நிற்கிறது. சீஃப் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்.

அவள் பேசாததற்கு அறியாமை காரணம் என்று நினைப்பது தவறு. கணக்குப் பார்த்துத்தான் பேசாமல் இருக்கிறாள். "சிஸ்டருக்குக் கோவம் வந்துட்டா அப்புறம் புள்ளைய யாரு பாப்பா?" என்று வார்டு வராந்தாவில் தாய்மார்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். பிள்ளையின் உயிர் யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் அவரைப் பற்றிய குறையைச் சொல்ல வேண்டும். வேறு ஆள் இல்லை, வேறு வழி இல்லை. தனியார் மருத்துவமனையில் பணம் கட்டியவருக்கும் இதே கதிதான். அங்கே "கூகுள் பார்த்துட்டு வந்து பேசாதீங்க" என்பது கூடுதலாகச் சேரும்.

பெற்றோர் சொல்வதெல்லாம் சரியாகிவிடுமா என்று மருத்துவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சாதாரணச் சளிக்குத் துடிக்கும் பெற்றோரும் உண்டு. ஆபத்தான அறிகுறியைக் கவனிக்காமல் விட்டவர்களும் உண்டு. ஆனால் தெர்மாமீட்டரும் சில சமயம் தவறாகக் காட்டுகிறது. அதற்காக யாரும் அதைத் தூக்கிப் போட்டுவிடுவதில்லை. மெல்பர்னில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் பெற்றோரிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டார்கள்: உங்கள் குழந்தையின் நிலை மோசமாகிறது என்று கவலைப்படுகிறீர்களா? 2025இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஆமாம் என்று சொன்ன பெற்றோரின் குழந்தைகளுக்குத் தீவிர சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தது. நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும்விடப் பெற்றோரின் கவலையே தீவிர சிகிச்சையின் தேவையோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது.

இதற்கு உடலியலிலேயே காரணம் இருக்கிறது. குழந்தையின் உடம்பு கடைசிவரை தாக்குப்பிடிக்கும். உள்ளே நிலைமை சீர்கெட்டாலும் இதயம் வேகமாக அடித்து, தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை விழாமல் காப்பாற்றிக்கொண்டே வரும். அழுத்தம் விழும்போது நேரம் கடந்திருக்கும். அதற்கு முன்பே மாறுவது நடத்தை. விளையாட்டுச் சாமானைத் தொட மாட்டாள். பாலை மறுப்பாள். தாயின் குரலுக்குக்கூட அசைய மாட்டாள். இந்த மாற்றத்தை அளக்க நேற்று எப்படி இருந்தாள் என்று தெரிய வேண்டும். அது தெரிந்தவள் கட்டிலோரம்தான் இருக்கிறாள்.

நம் நாட்டுக்கு இது புதிய பாடமும் அல்ல. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தொண்ணூறுகளில் வகுத்த குழந்தை நோய் மேலாண்மை முறையைப் பச்சிளங்குழந்தைகளையும் சேர்த்து இந்தியா தனக்கேற்ப மாற்றிக்கொண்டது. அதில் பயிற்சி பெற்ற கிராம சுகாதார செவிலியர் நோயுற்ற குழந்தையைப் பார்த்தால் முதலில் தாயிடம் கேட்க வேண்டியவை உண்டு. குழந்தையால் குடிக்க முடிகிறதா? குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறதா? வலிப்பு வந்ததா? தாயின் பதிலில் ஒன்று ஆமாம் ஆனாலும், குடிக்க முடியவில்லை என்றாலும், அது ஆபத்து அறிகுறி. குழந்தையை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். துணை சுகாதார நிலையத்தில் தாயின் வாக்கு மருத்துவத் தகவலாக எழுதப்படுகிறது. அந்த வாக்கை நம்பி அனுப்பப்பட்ட குழந்தை பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் அதே தாய் வெறும் அட்டெண்டர் ஆகிவிடுகிறாள்.

குரலுக்கு வழி இல்லாத இடத்தில் வன்முறை நுழைகிறது. மருத்துவமனைகளைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் உள்ள அரசு மருத்துவமனையில், தாயின் சிகிச்சை சரியில்லை என்று கருதிய ஒருவர் மருத்துவரைக் கத்தியால் குத்தினார். அந்தச் செயலை எந்தத் துக்கமும் நியாயப்படுத்தாது. மருத்துவர்கள் அச்சமின்றி வேலை செய்ய வேண்டும், அதற்குக் காவல் வேண்டும். அதோடு, வாயை மூடிக்கொண்டிருப்பதற்கும் கை ஓங்குவதற்கும் நடுவே ஒரு முறையான வழியும் வேண்டும். இன்று அப்படி ஒன்று வார்டில் இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டியலில் 17 உரிமைகள் இருக்கின்றன. இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமையும் அவற்றில் ஒன்று. இரவு இரண்டு மணிக்குக் குழந்தை துவளும்போது அந்த உரிமையை யாரிடம் கேட்பது என்று பட்டியல் சொல்லவில்லை.

மகளை இழந்த பெற்றோர் விடாமல் போராடியதால் இங்கிலாந்தில் 2024 முதல் மார்த்தா விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. நோயாளி எப்படி இருக்கிறார் என்று நாள்தோறும் அவரிடமோ குடும்பத்தினரிடமோ கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். நிலைமை மோசமாவதாகத் தோன்றினால், பணியாளரோ குடும்பமோ எந்த நேரத்திலும் வேறொரு மருத்துவக் குழுவை அழைக்கலாம். இந்த அழைப்புகளால் நூற்றுக்கணக்கானோரின் சிகிச்சை மாற்றப்பட்டதாக அந்நாட்டுத் தேசிய சுகாதார சேவை தெரிவிக்கிறது. அழைப்புகள் வெள்ளமாக வந்து மருத்துவமனைகளை முடக்கிவிடும் என்ற அச்சம் மெய்யாகவில்லை.

நம் அரசு மருத்துவமனைகளில் இதைத் தொடங்கப் பெரும் பணம் தேவையில்லை. கேஸ் ஷீட்டில் ஒரு வரி போதும்: தாய் இன்று என்ன சொன்னார்? ஒவ்வொரு குழந்தைகள் வார்டின் சுவரிலும் ஓர் எண் எழுதியிருக்க வேண்டும். அதை அழைத்தால் அந்தக் குழந்தையை அதுவரை பார்க்காத ஒரு மருத்துவர் வந்து பார்க்க வேண்டும். அழைத்ததற்காகத் தாயை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது. மருத்துவர் பற்றாக்குறை உண்மைதான். குழந்தை மோசமாவதை முன்னரே பிடித்துவிட்டால் பின்னால் தீவிர சிகிச்சைக்குத் தேவைப்படும் ஆட்களும் குறைவு. சுகாதாரத் துறை ஒரே ஓர் அரசாணையில் இதைச் செய்யலாம்.

அரசாணை வரும்வரை காத்திருக்க முடியாத பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் குழந்தையின் உடம்பில் நேற்றிலிருந்து எது மாறியிருக்கிறது என்று நேரத்தோடு ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். பயமாக இருக்கிறது என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். காலை ஆறு மணியிலிருந்து பால் குடிக்கவில்லை, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, சிறுநீர் போகவில்லை என்று சொல்லுங்கள். "நீங்க டாக்டரா?" என்று கேட்டால் தலை குனிய வேண்டாம். இந்தக் குழந்தையைப் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன் என்று சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் பெரிய நர்ஸிடம் போங்கள், அவரும் கேட்கவில்லை என்றால் ஆர்எம்ஓ (நிலைய மருத்துவ அலுவலர்) அறைக்குப் போங்கள். யாருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, மறுபடியும் சொல்லுங்கள்.