தூண் நினைவூட்டுவது எது?

புனே அருகே, பீமா நதிக்கரைக் கிராமம் கோரேகாவ். 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படையைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிறுபடை ஒன்று அங்கே எதிர்த்து நின்றது. அதில் மஹர் வீரர்கள் பலர். பின்னர் கம்பெனி எழுப்பிய வெற்றித் தூணில் மாண்டவர்களுள் 49 பெயர்கள் உள்ளன, 22 மஹர்களுடையவை. 1927 ஜனவரி 1 அன்று டாக்டர் அம்பேத்கர் அங்கு சென்றார். இன்று ஆண்டுதோறும் அந்நாளில் லட்சக்கணக்கானோர் கூடுகின்றனர்.

‘அந்நியர் வெற்றியை நம்மவர் கொண்டாடலாமா?’ என்று சிலர் கேட்பதுண்டு. அவர்கள் வணங்குவது கம்பெனியை அன்று. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட தம் முன்னோரின் பெயர் கல்லில் மதிப்புடன் நிற்பதையே.

200-ஆம் ஆண்டு நினைவு நாளான 2018 ஜனவரி 1 அன்று மூண்ட வன்முறை ஓர் உயிரைப் பறித்தது. பகையாக மாறும் நினைவு, முடிந்த போரை மீண்டும் தொடங்கிவிடுகிறது. தன்மானத்தைத் தேடி ஒரு மக்கள் கூட்டம் போர்க்களம்வரை செல்ல நேர்ந்ததே, அந்த அநீதிக்கு நாணுவதே ஏனையோர் செய்யத்தக்க அஞ்சலி.