கலைக்கூடத்தில் கைகூப்புவது

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில், பல வருஷங்களுக்கு முன்னால், ஒரு வயதான அம்மாளிடம் நான் சொன்ன ஒரு வாக்கியம் இன்றும் என்னை வெட்கப்படுத்துகிறது. திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் சிலையின் முன்னால் அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுக் கைகூப்பி நின்றிருந்தார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சிலையின் இடுப்பு வளைவை நேராகப் பார்க்க வேண்டும் என்று நான் அவருக்குப் பின்னால் காத்திருந்தேன். அவர் நகர்வதாக இல்லை. 'இது கோயில் இல்லைம்மா' என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. 'கோயில்ல இவ்வளவு கிட்டக்க எங்கள எங்க தம்பி விட்டாங்க?' என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிலையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. கலைக்கூடம் என்ற ஸ்தாபனம் யாருக்காக, எதற்காக என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சிலை எல்லோரும் அறிந்ததுதான். கோயில் கல்வெட்டின் துணையால் 1011 என்று வருஷம் சொல்ல முடிகிற சோழர் காலச் செப்புத் திருமேனி. அருகில் நிற்கும் தேவி அதற்கடுத்த வருஷம், 1012. மண்ணுக்குள் புதைந்து கிடந்து 1950களின் தொடக்கத்தில் வெளியே வந்தவை. காளையின் மேல் ஒரு கையை ஊன்றிக் கால் மாற்றி நிற்கிறார் சிவன். காளையைக் காணவில்லை. கை வெற்றிடத்தின் மேல் சாய்ந்திருக்கிறது. அந்த வெற்றிடத்தைப் பற்றி நண்பர்களுடன் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். அந்த அம்மாள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் கண்ணுக்குக் காளை அங்கேயே நின்றிருக்கலாம்.

தரைக்கடியிலிருந்து கிடைப்பது புதையல் என்றும், அது முதலில் கலெக்டருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்றும் 1878ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. அந்த வழியாகத்தான் கோயிலுக்காக வார்க்கப்பட்ட எத்தனையோ திருமேனிகள் கலைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தன. திருவெண்காட்டுச் சிலைகளிலேயே சில தஞ்சாவூரில் இருக்கின்றன. அர்த்தநாரீசுவரர் சென்னை எழும்பூரில் இருக்கிறார். எந்த ஸ்தபதியும் கலைக்கூடத்தை மனதில் வைத்து மெழுகைப் பிசையவில்லை. இது மறுக்க முடியாத விஷயம்.

என் நண்பர் ஒருவர், நல்ல கவி, இதை வைத்தே கலைக்கூடங்களை முழுக்க நிராகரிப்பார். உற்சவமூர்த்தி என்றால் நடக்க வேண்டும். அபிஷேகம், பட்டு, பூ, தீவட்டி, தோளில் ஏறும் பல்லக்கு, நாதஸ்வரம், இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்தப் படைப்பு; கலைக்கூடத்தில் இருப்பது அதன் சவம் என்பது அவர் வாதம். எழும்பூர் மியூசியத்துக்குச் சென்னை ஜனங்கள் 'செத்த காலேஜ்' என்று பெயர் வைத்ததையும், மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்று அழைத்ததையும் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வார். ஜனங்களுக்கு எல்லாம் தெரியும் என்பார்.

ஜனங்களுக்குத் தெரிந்ததில் பாதியை மட்டுமே நண்பர் கேட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. செத்த என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டவர் காலேஜ் என்ற சொல்லை விட்டுவிட்டார். காலேஜ் வாசலையே மிதித்திராத லட்சக்கணக்கானவர்கள், காணும் பொங்கலன்று குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கட்டுசோற்றுடன் போய்வந்த காலேஜ் அது. அந்தப் பெயரில் கேலி இருக்கிறது, உரிமையும் இருக்கிறது.

பட்டும் பூவும் தீவட்டியும் யாருக்காக இருந்தன என்பதையும் கேட்க வேண்டும். கோயிலுக்குள் வர முடியாதவர்களுக்காகத்தான் உற்சவர் வெளியே வந்தார் என்று அழகாகச் சொல்வதுண்டு. தேர் எந்தத் தெருவின் முனையில் திரும்பிப் போயிற்று என்பதும் நமக்குத் தெரிந்த சமாசாரமே. வைத்தியநாதய்யர் தலைமையில் ஒரு சிறு குழு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது 1939ஆம் வருஷம் ஜூலை 8 அன்று. சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசத்தைச் சட்டமாக்கியது 1947இல். தஞ்சாவூர்க் கலைக்கூடம் தொடங்கப்பட்டது 1951இல். இடைவெளி நான்கே வருஷம். சட்டம் வந்த மறுநாளே ஊர்க் கோயிலின் படி எல்லோருக்கும் ஒன்றுபோல் ஆகிவிடவில்லை. அந்தச் சூழலில், ஒரு சீட்டை வாங்கிவிட்டால் நீ யார், எந்தத் தெரு என்று கேட்காமல் இரண்டடி தூரத்தில் கடவுளைக் காட்டிய இடம் ஒன்று திறந்தது. திறந்தவர்கள் இதை உத்தேசித்தார்களா என்பது வேறு விஷயம். அந்த அம்மாள் என்னிடம் கேட்டது இந்தச் சரித்திரத்தைத்தான். நான் அதை அறியாமை என்று எடுத்துக்கொண்டேன்.

என் வாக்கியம் எங்கிருந்து வந்தது? ரசனை என்று நாம் பழகிவைத்திருக்கும் ஒன்றிலிருந்து. பக்தி ஒரு மறைப்பு, அதை விலக்கினால்தான் உருவம் தெரியும் என்று நம்மில் பலரும் நம்பியிருக்கிறோம். கோயிலில் அலங்காரம் மறைத்துவிடும் தோளையும் இடுப்பையும் விரல்களையும் கலைக்கூடம்தான் நமக்குக் கொடுத்தது என்பது உண்மை. ஸ்தபதிக்குப் பிறகு அர்ச்சகரைத் தவிர யாரும் அநேகமாகப் பார்த்திராத உடல் அது. ஆனால் இதிலிருந்து, கைகூப்பி நிற்பவர் சிலையைப் பார்க்கவில்லை என்ற முடிவுக்கு எப்படிப் போனோம்? அவர் என்னைவிட நெடுநேரம் பார்த்தார். நான் ஒரு வளைவைத் தேடி வந்தவன். அது கிடைத்ததும் அடுத்த சிலைக்குப் போயிருப்பேன்.

நான் பக்தனாக மாறிவிட்டேன் என்று இதற்கு அர்த்தமில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கையில்லாத நானும் நம்பிக்கையுள்ள அவரும் ஒரே பொருளின் முன்னால், ஒருவரை ஒருவர் திருத்தாமல் நிற்கக்கூடிய இடம் வேறு எது? அதுதான் கலைக்கூடத்தின் நியாயம் என்றால், அன்று அந்த நியாயத்தை மீறியவன் நான். அவர் என்னைப் பார்த்து, கும்பிடாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் கலைக்கூடங்கள் பொதுமக்களுக்காக நடத்தும் நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறொரு ஊரில், பெயர் வேண்டாம், அரசுக் காட்சிக்கூடம் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி நடந்தது. என்னையும் நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார வைக்கப்பட்டார்கள். கொடுத்த தலைப்பு மழைநீர் சேகரிப்பு. அவர்கள் முதுகுக்குப் பின்னால், திறந்திருந்த கதவுக்கு அந்தப் பக்கம், அந்த வட்டாரத்தில் கிடைத்த சிலைகள் நின்றன. ஒரு பையன் இரண்டு முறை எழுந்துபோய்க் கதவோரமாக எட்டிப் பார்த்தான். இரண்டு முறையும் ஆசிரியை அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். போட்டி முடிந்தது, சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்து பேசினார், சான்றிதழ்கள் கொடுக்கப்பட்டன, வேன் வந்தது. அந்தப் பையன் உள்ளே போகவேயில்லை. நானும் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. அன்றைய வருகைக் கணக்கில் அவன் ஒரு பார்வையாளன்.

கூட்டம் சேர்க்கும் ஆசை புதியதல்ல. எழும்பூர் மியூசியத்தை 1851இல் தொடங்கி நடத்திய எட்வர்ட் பால்ஃபர், உயிருள்ள விலங்குகளைக் கொண்டுவந்து வைத்தார், கூட்டம் பெருகியது, அதிலிருந்தே 1855இல் மிருகக்காட்சிசாலை பிறந்தது. ஆனால் பால்ஃபரின் விலங்குகளைப் பார்க்க வந்தவன் உள்ளே வந்தான், பார்த்தான். அந்த ஓவியப் போட்டியிலோ ஜனங்களைக் கூப்பிட்டு, பார்க்க வேண்டியதற்கு முதுகு காட்டி உட்கார வைத்துவிட்டோம். ஜனங்களிடம் பார்வை என்று ஒன்று ஏற்கெனவே இல்லை, நாம்தான் அதைப் புகட்ட வேண்டும் என்ற எண்ணம் இதற்கு அடியில் இருக்கிறது. சில நூறு பிரதிகள் அச்சடித்துவிட்டு வாசகன் இல்லை என்று புலம்பும் நம் பத்திரிகைகளுக்கும் இந்த எண்ணம் அந்நியமானது அல்ல. என் வாக்கியமும் ஒருவகையில் ஒரு பொதுமக்கள் நிகழ்ச்சிதான். நானும் ஓர் அம்மாளுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கத்தான் முனைந்தேன்.

கலைக்கூடம் எதுவுமே செய்யாமல் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பையனை ஒரே ஒரு சிலையின் முன்னால் அரைமணி நேரம், காகிதமும் பென்சிலும் கொடுத்து, தலைப்பு எதுவும் கொடுக்காமல் விட்டிருக்கலாம். சிலை கிடைத்த ஊர்க்காரர்களை வருஷத்துக்கு ஒரு முறையாவது அழைத்துவந்து, அவர்கள் பேசுவதை அதிகாரிகள் உட்கார்ந்து கேட்கலாம். சிலைக்கு எதிரே ஒரு பெஞ்சு போடலாம். முழங்கால் வலியுள்ளவர்களும் நெடுநேரம் பார்க்க விரும்புகிறவர்கள்தாம்.

பார்வையாளனே இல்லாத மூன்றாவது வகை இடம் ஒன்று இப்போது பெருகியிருக்கிறது. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருட்டுப்போன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறக்குறைய 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. திருட்டு வெளிப்பட்டு 2014இல் திரும்பி வந்தது. வந்தபின் அது கும்பகோணத்துச் சிலைப் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டது. கோயில்களில் காவல் இல்லாததால் இப்படி மையங்களில் பூட்டிவைக்கப்பட்டிருக்கும் திருமேனிகள் ஏராளம். பத்திரம் தேவைதான், திருட்டை நான் மறக்கவில்லை. ஆனால் கான்பெராவில் அந்நியர்கள் பார்த்துக்கொண்டிருந்ததை மீட்டு, இங்கே யாரும் பார்க்க முடியாதபடி வைக்கும்போது, எதை மீட்டோம் என்று கேட்கத்தான் வேண்டும். நம்முடையது என்ற சொல்லில் உடைமை மட்டும் மிஞ்சி, பார்ப்பது விட்டுப்போகிறது. கும்பிடுகிறவருக்கும் ரசிக்கிறவனுக்கும் அங்கே சமமான நிலைதான், இருவருமே வெளியே.

அதற்குப் பிறகும் தஞ்சாவூருக்குப் பலமுறை போயிருக்கிறேன். ரிஷபவாகனரின் முன்னால் யாராவது கைகூப்பி நின்றால் சற்று விலகி நின்றுகொள்கிறேன். இது மரியாதையா, பழைய வெட்கமா என்று எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் போனபின் அதே இடத்தில் போய் நிற்கிறேன். எனக்கு அங்கே கடவுள் தெரிவதில்லை. ஆனால் அவ்வளவு கிட்டக்க நிற்பதற்கு ஒருவருக்கு ஆயிரம் வருஷம் ஆகியிருக்கிறது என்பது தெரிகிறது. இடுப்பு வளைவை மட்டும் தேடி வந்த நாட்களில் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.