உடைமையும் உடையவனும்

மனிதன் தேவைக்காக மட்டும் பொருள் சேர்ப்பவன் அல்லன். ஒரு காலத்தில் சிறுவர்கள் தீப்பெட்டிப் படங்களையும் தபால்தலைகளையும் சேர்த்தார்கள். பெரியவர்கள் பழங்காசுகளைச் சேர்த்தார்கள். இவற்றால் பசி ஆறுவதில்லை. வெயிலும் மழையும் தடுக்கப்படுவதில்லை. ஆயினும் தொகுப்பில் ஒன்று குறைந்தால் மனம் அமைதி இழக்கிறது. தேவையே இல்லாத ஒன்றின் குறைவு எவ்வாறு துன்பமாகிறது? இது துறவிகளுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. இல்லறத்தில் இருந்துகொண்டே மனத்தைச் செம்மைப்படுத்த விரும்பும் எவரும் என்றேனும் இதனை எதிர்கொள்ள நேரும். பெரிய தத்துவங்களைச் சிறிய பொருள்களில் வைத்துப் பார்த்தால் அவை எளிதில் விளங்கும். எனவே ஒரு விளையாட்டுப் பொருளையே எடுத்துக்கொள்வோம்.

கட்டைகளின் கதை

டென்மார்க்கின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் 1932இல் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கிய ஒரு தச்சரின் பட்டறையே பின்னாளில் லெகோ நிறுவனமாக வளர்ந்தது. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் இன்றைய பிளாஸ்டிக் கட்டைக்கு 1958இல் காப்புரிமை கோரப்பட்டது. அன்று செய்த கட்டையும் இன்று செய்யும் கட்டையும் இன்றளவும் பொருந்துகின்றன. இன்று வீடாக இருப்பது நாளை கப்பலாகும். மறுநாள் வெறும் குவியலாகும். குழந்தைக்கு இதில் வருத்தம் இல்லை.

1993இல் ‘ஜுராசிக் பார்க்’ திரைப்படம் வெளிவந்து, அழிந்துபோன டைனோசர்களை உலகத்தின் கண்முன் நடமாட விட்டது. அந்த வரிசையின் மூன்றாம் படத்தையொட்டி 2001இலும், பின்னர் ‘ஜுராசிக் வேர்ல்டு’ வெளியான 2015இலும் அதன் பின்னும் லெகோ பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. இப்பெட்டிகளில் வரும் டைனோசர்களில் பெரும்பாலானவை சிறு கட்டைகளால் ஆனவை அல்ல. தலை, உடல், கால், வால் எனச் சில பெரிய வார்ப்புகளால் ஆனவை. அவற்றைப் பிரித்து வேறொன்று கட்ட முடியாது. ஒவ்வொரு பெட்டியும் குறிப்பிட்ட காலமே கடையில் இருக்கும். பின்பு தயாரிப்பு நின்றுவிடும். விளையாட்டுப் பொருள் சேகரிப்புப் பொருளாக மாறுவது இந்த இடத்தில்தான். 2019இல் வந்த டைரனோசாரஸ் பெட்டியில் 3,120 துண்டுகள். 2025இல் வந்த, ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான எலும்புக்கூட்டுப் பெட்டியில் 3,145 துண்டுகள். இவை முதன்மையாகப் பெரியவர்களுக்காகவே உருவாக்கப்பட்டவை.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறையினர் பலர் கடற்கழியைக் கடந்து நவி மும்பையில் வீடு கண்டிருக்கிறார்கள். அங்கே கோபர்கைரனேயில், ஒவ்வோர் அடி இடமும் எண்ணிச் செலவிடப்படும் ஓர் அடுக்குமாடி வீட்டில், ஒருவர் இந்த டைனோசர்களைச் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறுவயதில் படத்தைப் பார்த்து வியந்தவர். அன்று பொம்மை வாங்கித் தர வீட்டில் வசதி இல்லை. இன்று சம்பாதிக்கிறார், வாங்குகிறார். உண்மையில் அவர் வாங்குவது தமக்காக அன்று. அன்றைய அந்தச் சிறுவனுக்காக. இதை எண்ணி நகைப்பது தகாது. ஆனால் இன்று அவர் வீட்டில் வேறொரு குழந்தை இருக்கிறது. “அப்பா, ஒரே ஒரு தடவை எடுத்துப் பார்க்கட்டுமா?” என்று அது கேட்கிறது. “பார்க்கலாம் கண்ணா, தொடக்கூடாது” என்று பதில் வருகிறது. ஒரு குழந்தையின் நிறைவேறாத ஆசைக்காகத் தொடங்கிய தொகுப்பு இன்னொரு குழந்தையின் ஆசையை நிறைவேறாததாக்கி நிற்கிறது. நம் கேள்வி இப்போது கூர்மையாகிறது: இங்கே உடையவர் யார், உடைமை எது?

ஐந்து குறைகள்

பதஞ்சலி முனிவர் யமங்களுள் ஒன்றாக அபரிக்ரஹத்தை, அதாவது பொருள்களைத் தனதென்று பற்றிக்கொள்ளாமையை, வைத்தார். அதற்கு உரை கண்ட வியாசர், பொருள் சேர்ப்பதில் ஐந்து குறைகளைக் காண்பவனுக்கே இந்த விரதம் இயல்பாகும் என்று விளக்குகிறார். ஈட்டுதல், காத்தல், இழத்தல், பற்றுதல், தீங்கு என்பன அவை. பொருள் தீயது என்று அவர் கூறவில்லை. கண் திறந்து பார் என்கிறார். அவ்வாறே பார்ப்போம்.

முதலாவது ஈட்டுதல். இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்க வரி நம் நாட்டில் 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. அயல்நாட்டிலேயே விலை மிகுந்த பெட்டி இங்கே எத்தனை நாள் உழைப்பாகிறது என்று கணக்கிட்டால் விலைச்சீட்டின் பொருள் விளங்கும். பணத்தினும் பெரிய செலவு கவனம். ஒரு பொருளை மீண்டும் மீண்டும் நினைப்பதிலிருந்து பற்றும், பற்றிலிருந்து ஆசையும், ஆசையிலிருந்து சினமும் பிறக்கும் வரிசையைக் கீதையின் இரண்டாம் அத்தியாயம் காட்டுகிறது. உறங்கப் போகும் நேரத்தில் கைப்பேசித் திரையில் அரிய பெட்டியைத் தேடுபவர் அந்த வரிசையின் முதற்படியில் நிற்கிறார்.

இரண்டாவது காத்தல். கடற்கழிக் காற்றின் ஈரம், நான்கு மாத மழை, சாலைப் புழுதி ஆகியவற்றிலிருந்து பொம்மையைக் காக்க வேண்டும். வெயில் பட்டால் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். காவல் காப்பவன் யாருக்கு ஏவலன் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது இழத்தல். இங்கே ஒரு தத்துவ மாணவன் மறுப்பு எழுப்பலாம்: “இது இழப்பன்று, முதலீடு.” மாஸ்கோவின் உயர் பொருளாதாரக் கல்லூரி ஆய்வாளர்கள், தயாரிப்பு நின்ற லெகோ பெட்டிகளின் விலை ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 11 விழுக்காடு உயர்ந்ததாக 2021இல் வெளியிட்ட ஆய்வில் கண்டறிந்தது உண்மையே. ஆனால் விலை உயர்வது திறக்காத பெட்டிக்கே மிகுதி. விளையாடப்படாதவரை மட்டுமே மதிப்புள்ள விளையாட்டுப் பொருள் என்பது எத்தகைய விந்தை! அதன் பயனை முதலிலேயே இழந்துவிட்டுத்தான் அதன் விலையைக் காக்கிறோம்.

இழப்பைப் பற்றி உண்மையான டைனோசர் ஒன்றே நமக்குப் பாடம் சொல்கிறது. இன்றைய அரியலூர் மாவட்டத்தின் கல்லமேடு பகுதியில் கிடைத்த மாபெரும் எலும்புகளுக்கு 1987இல் ‘பிருஹத்காயோசாரஸ்’ என்று பெயர் சூட்டப்பட்டது. பிருஹத் காயம் என்றால் பேருடல். உலகில் வாழ்ந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆனால் அந்த எலும்புகள் இன்று எங்கும் இல்லை. பதமிழந்திருந்த அவை, பாதுகாத்து வைக்கப்படுமுன்னே பொடிந்து போயின. எஞ்சியவை சில வரைபடங்களும் ஒளிப்படங்களும் குறிப்புகளும்தாம். பேருடல் என்று பெயர் பெற்றதற்கே உடல் நிலைக்கவில்லை என்றால் அலமாரியில் நிற்கும் சிற்றுடல் எம்மாத்திரம்?

நான்காவது பற்றுதல். மனம் எதைப் பற்றுகிறது? திரைப்படத்தில் ஆளுயரம் பாய்ந்து வரும் வெலோசிராப்டர், உண்மையில் ஒரு வான்கோழி அளவே உயரமுள்ளது. அதற்கு இறகுகள் இருந்ததற்கான எலும்புச் சான்று 2007இல் வெளியாயிற்று. பொம்மையோ திரையையே பின்பற்றுகிறது. 2015ஆம் ஆண்டுப் பெட்டியில் வந்த ‘இண்டோமினஸ்’ என்பது ஒருநாளும் உலகில் வாழாத, கதாசிரியர்கள் படைத்த விலங்கு. நம் தர்க்க நூல்கள் இல்லாத பொருளுக்கு உதாரணமாக முயற்கொம்பைச் சொல்லும். இங்கே முயற்கொம்புக்கும் ஒரு விலை உண்டு. அது கிடைக்காவிட்டால் வருத்தமும் உண்டு. அலமாரியில் வாழ்ந்த விலங்கும் வாழாத விலங்கும் ஒரே வரிசையில் சமமாக நிற்கின்றன. ஆகவே பற்று பொருளின் உண்மையை நாடவில்லை. நாம ரூபத்தையே நாடுகிறது. மண் ஒன்று, பானைகள் பல என்று சாந்தோக்ய உபநிஷதம் உணர்த்திய உண்மையைக் கட்டைகளைக் கலைத்துக் கட்டும் குழந்தை கையால் அறிகிறது. ‘இந்த வடிவம் மாறக் கூடாது’ என்று பூட்டி வைக்கும் பெரியவர் அதை மறக்கிறார்.

ஐந்தாவது தீங்கு. ஒரு பொம்மையில் என்ன ஹிம்ஸை என்று கேட்கலாம். இங்கிலாந்துக் கடற்கரையில் ஒதுங்கிய பழைய லெகோ கட்டைகளை ஆராய்ந்த பிளிமத் பல்கலைக்கழகத்தினர், அவை கடலில் முற்றும் சிதைய 100 முதல் 1,300 ஆண்டுகள்வரை ஆகலாம் என்று 2020இல் மதிப்பிட்டார்கள். ஒரு தலைமுறையின் ஆசை நாற்பது தலைமுறைகளின் மண்ணிலும் நீரிலும் கிடக்கும் என்பது இதன் பொருள். இதனினும் அண்மையான தீங்கு வீட்டுக்குள் நிகழ்கிறது. கண்ணாடிக்கு வெளியே நிற்கும் குழந்தை, பொருள் என்பது பகிர்வதற்கன்று என்ற பாடத்தைச் சொல்லாமலே கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் பிளாஸ்டிக்கை விட நீண்ட காலம் சிதையாமல் இருக்கக்கூடும்.

கொலுவும் ஒரு தொகுப்பன்றோ?

இங்கே நியாயமான ஐயம் ஒன்று எழும். நவராத்திரிக் கொலு வைக்கும் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாகப் பொம்மைகளைச் சேர்க்கின்றன. ஆண்டுக்கு ஒரு புதிய பொம்மையேனும் வாங்குவது வழக்கம். மாட்டுங்காவின் தமிழ் வீடுகளில் நூறாண்டைத் தொடும் மரப்பாச்சிகளும் உண்டு. அது மட்டும் பரிக்ரஹம் ஆகாதா?

கொலுவின் ஒழுங்கைக் கவனித்தால் விடை கிடைக்கும். முதலாவது, அதற்குக் கால எல்லை உண்டு. விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, பின்பு எல்லாவற்றையும் துணி சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். ஆண்டுதோறும் கலைப்பதற்கென்றே அமைக்கப்படும் தொகுப்பு அது. இரண்டாவது, அது பிறருக்காக வைக்கப்படுவது. கொலு வைத்த வீட்டின் கதவு திறந்திருக்கும். வருபவர்களுக்குச் சுண்டலும் தாம்பூலமும் கிடைக்கும். ‘யாரும் வரவேண்டாம், பொம்மை உடைந்துவிடும்’ என்று சொல்லும் வீட்டில் கொலுவே இல்லை. மூன்றாவது, அதில் படிகள் உண்டு. தாழ்நிலை உயிர்கள் கீழேயும், மனிதர்கள் இடையிலும், தெய்வத் திருவுருவங்கள் மேலேயும் அமர்கின்றன. பொம்மை தன்னைவிட உயர்ந்த ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறது. அதுவே முடிவாக நிற்பதில்லை. கொலுவையும் அயலாரோடு போட்டியிட வைப்பவர் உண்டு. அப்போது அதுவும் வெறும் அலமாரியே. மறுபுறம், லெகோ டைனோசர்களும் கொலுவின் கீழ்ப்படியில் அமைந்து, பார்க்க வரும் குழந்தைகளின் கைக்கு எட்டினால் அவையும் கொலுப் பொம்மைகளே. பொருள் ஒன்றுதான், வேறுபடுவது அதனை வைத்திருக்கும் மனநிலை.

அலமாரியில் அடங்காதவை

டைனோசர்களின்பால் ஒருவருக்கு உள்ள ஈர்ப்பு உண்மையானால், அது பொம்மையோடு நிற்க வேண்டியதில்லை. நவி மும்பைக்குக் கிழக்கே எழுந்து நிற்கும் பார்சிக் குன்றுகள் தக்காண எரிமலைக் குழம்பு உறைந்த கருநிறப் பாறைகளால் ஆனவை. அந்தேரியில் நிற்கும் கில்பர்ட் குன்றமும் அத்தகைய எரிமலைப் பாறையே. டைனோசர்களின் யுகம் முடிந்தது தக்காண எரிமலைப் பெருக்கின் காலத்தை ஒட்டித்தான். விண்கல் மோதியதே முதன்மைக் காரணம் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். இந்த எரிமலைப் பெருக்கின் பங்கும் ஆராயப்பட்டு வருகிறது. அலமாரிக்குள் பொம்மையைப் பூட்டி வைத்திருப்பவரின் ஊரே அந்த யுகத்தின் இறுதி அத்தியாயத்தின்மேல் எழுப்பப்பட்டிருக்கிறது.

மேலும் ஒரு வியப்பு உண்டு. பறவைகள் டைனோசர்களின் வழித்தோன்றல்கள் மட்டும் அல்ல. அவை இன்றும் வாழும் டைனோசர்களே என்பது இன்றைய அறிவியலின் முடிவு. கோபர்கைரனேக்கு மேற்கே உள்ள தாணே கடற்கழிக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. 2015இல் அக்கழியின் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் அது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வாழும் டைனோசர்கள் வானில் செல்கின்றன. அவற்றை வாங்க முடியாது. வரிசை முழுமையாயிற்று என்று சொல்ல முடியாது. பார்க்க மட்டுமே முடியும். பார்க்கும் கணத்தில் ‘என்னுடையது’ என்ற எண்ணம் எழுவதில்லை. அதனால் மகிழ்ச்சியும் குறைவதில்லை. உடைமை இல்லாமலே இன்பம் உண்டு என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

அபரிக்ரஹத்தில் நிலைபெற்றவனுக்குப் பிறவியின் ‘எப்படி, ஏன்’ என்பது விளங்கும் என்று யோக சூத்திரம் ஒரு வியத்தகு பயனைச் சொல்கிறது. கைகள் பொருளால் நிறைந்திருக்கும்வரை ‘இது எவ்வளவு, இன்னும் எது பாக்கி’ என்பதே மனத்தின் கேள்வி. கைகள் தளர்ந்தபின்பே ‘நான் யார், எங்கிருந்து வந்தேன்’ என்ற கேள்வி எழுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் உலகை ஆண்ட உயிரினம் ஒன்றின் உருவத்தைக் கையில் ஏந்துபவருக்கு இந்தக் கேள்வி எழவில்லை என்றால் அந்தப் பொம்மையை அவர் இன்னும் பார்க்கவே இல்லை.

ஆகவே சேர்ப்பதையெல்லாம் எறிந்துவிட வேண்டுமென்று சாஸ்திரம் இல்லறத்தாரை வற்புறுத்தவில்லை. தம்மிடம் உள்ள எந்தப் பொருளையும் முன்வைத்து மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இதை நான் ஒரு குழந்தையின் கையில் மகிழ்ச்சியோடு கொடுக்க முடியுமா? இது உடைந்தால், உடைத்தவரிடம் என் அன்பு உடையாமல் இருக்குமா? இது இல்லாத நாளில் நான் குறைந்தவனாவேனா? முதல் இரண்டுக்கும் ‘ஆம்’ என்றும், மூன்றாவதற்கு ‘இல்லை’ என்றும் உண்மையாகச் சொல்ல முடிந்தால் அவரே உடையவர். சொல்ல இயலாதவர் மனம் தளர வேண்டாம். இன்றே ஒரு பொம்மையை வெளியே எடுத்து, ஒரு குழந்தைக்குக் கொடுத்துப் பழகட்டும். துறவு என்னும் நெடும் பாதையில் அதுவும் ஓர் அடியே.