எது நல்ல பாதை

எங்கள் ஊருக்குச் சைக்கிளோடு வந்திருந்த நண்பர் ஒருவர் புறப்படும்போது கேட்டார்: "ரெண்டுல எது நல்ல பாதை?" இரண்டு நாவலாசிரியர்களின் பெயரைச் சொல்லி இலக்கியக் கூட்டங்களில் கேட்கிற அதே தொனி. நான் உடனே பதில் சொல்லிவிட்டேன். அப்படி உடனே சொல்ல முடிந்தது எப்படி என்று யோசித்ததில்தான் இதை எழுத நேர்ந்தது.

ஊர் கோத்தகிரி. தார் ரோட்டை விட்டு விலகி மலைச் சைக்கிளில் அலைகிற பழக்கம் எனக்குப் பதினோரு வருஷமாக உண்டு. நண்பரை அழைத்துப் போனவை இரண்டு பாதைகள். ஒன்று தேயிலைச் செடிகளுக்கு நடுவே சரிவைச் சுற்றிச் சுற்றி இறங்குவது. மாட்டுச் சாணம், தண்ணீர்க் குழாய், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், கொழுந்து மூட்டையோடு வருகிற பெண்கள் என்று எல்லாம் அதில் உண்டு. பத்து தடவையாவது இறங்கி நிற்க வேண்டும். மற்றது தைலமரத் தோப்பின் ஊடே நேராகக் கீழே விழுவது. நான்கு நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த நான்கு நிமிஷமும் பிரேக்கில் இருக்கும் இரண்டு விரல்களைத் தவிர வேறு உடம்பு இருப்பதாகவே தெரியாது. "தோப்புப் பாதைதான். சந்தேகமே இல்லை. குறுக்கே யாரும் வரமாட்டார்கள்" என்றேன்.

நண்பர் போன மறுவாரம் சுற்றுப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே மூட்டையோடு ஒரு அம்மாள். நான் இறங்கி ஒதுங்கினேன். அவரும் ஒதுங்கினார்.

"நீங்க போங்கம்மா."

"நீங்க போங்க சார். நான் நின்னா நிப்பேன். நீங்க நின்னா விழுந்திருவீங்க."

சிரித்தோம். இவ்வளவு சுற்றி ஏன் வருகிறீர்கள், தோப்பு வழியாக வந்தால் சீக்கிரமாயிற்றே என்று ஏதோ உபசாரமாகக் கேட்டேன். "முன்னெல்லாம் அப்படித்தான் வருவோம். இப்ப அது ஓடையாயிருச்சு. கால் வைக்க முடியல" என்றார். என் மேல் குறையாக அதைச் சொல்லவில்லை. மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

மறுநாள் தோப்புப் பாதையில் சைக்கிள் இல்லாமல் நடந்து இறங்கினேன். பதினோரு வருஷத்தில் அதுவே முதல் தடவை. அந்தப் பாதையில் ஒரு காலத்தில் படிகள் இருந்திருக்கின்றன. மண்வெட்டியால் வெட்டி, விளிம்பில் கல் பதித்த படிகள். எனக்கு அவை தெரியாமல் இல்லை. துள்ளி இறங்க வாகான இடங்கள் என்று அவற்றை ரசித்திருக்கிறேன். இப்போது பாதிக்குமேல் மழுங்கி, நடுவில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம்.

பாதை அமைப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. பாதையின் சரிவு மலைச் சரிவில் பாதிக்கு மேல் போகக்கூடாது. போனால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடப்பதற்குப் பதிலாகப் பாதையிலேயே ஓட ஆரம்பித்துவிடும். செங்குத்தான இடத்தில் படி வெட்டுவது காலுக்காக மட்டும் இல்லை, தண்ணீரின் வேகத்தையும் அது தடுக்கிறது. பிரேக் பிடித்து இழுபடுகிற சக்கரம் அந்த விளிம்பைச் சீவிவிடுகிறது. மிச்சத்தை ஐப்பசி மழை பார்த்துக்கொள்கிறது. மழைதான் செய்தது என்று நான் சொல்லிக்கொள்ளலாம். 2009 நவம்பரில் இதே நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தபோது எந்தச் சைக்கிளும் காரணமாக இருக்கவில்லை. ஆனால் இந்தப் பள்ளம் சக்கரத்தின் அகலத்தில் தொடங்குகிறது.

இந்த விளையாட்டின் பிறப்பிலேயே ஒரு காலி ரோடு இருக்கிறது. 1976இல் கலிபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கு அருகே, பைன் மவுண்டன் சரிவில், பழைய கனத்த சைக்கிள்களில் சில இளைஞர்கள் கடிகாரம் வைத்து இறங்கிப் போட்டியிட்டார்கள். இரண்டு மைலுக்குள் ஏறக்குறைய 1300 அடி இறக்கம். பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் எரிந்து போய், ஒவ்வொரு தடவையும் புதிதாக அடைக்க வேண்டியிருந்ததால் அந்த ரோட்டுக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. கடிகாரம் அளப்பது இறங்குகிறவனை மட்டும்தான். எதிரே வருகிறவனுக்கு அதில் எண் கிடையாது. அவனுக்கான எண் பின்னால் வந்தது: பக்கத்து டமால்பயஸ் மலையில் சைக்கிளுக்கு மணிக்கு 15 மைல், ஆளைக் கடக்கும்போது 5 மைல். ரசனை முதலில் வருகிறது, நடந்து போகிறவன் பின்னால் சட்டமாக வந்து சேருகிறான்.

அனுபவத்தின் தரத்தை அதற்கு வெளியே இருந்து அளக்கலாமா என்று இதைப் படிக்கும் நண்பர்கள் சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். தோப்புப் பாதையில் கிடைத்த கூர்மை பொய்யில்லை. என் வாசிப்பில்கூட அது அபூர்வமாகத்தான் வாய்த்திருக்கிறது. ஆனால் என் தீர்ப்புக்கு நான் கொடுத்த காரணம் வேறு: 'குறுக்கே யாரும் வரமாட்டார்கள்.' அதைப் பாதையின் குணம் என்று நினைத்திருந்தேன். அது நான் உண்டாக்கியது. ஒரு பாதையிலிருந்து ஆட்களை விலக்கிவிட்டு, பிறகு அதன் தனிமையைப் புகழ்ந்திருக்கிறேன். இந்த லைன் வீடுகளில் இருப்பவர்களில் பலர் 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்கள் போகவேண்டிய வழியை அன்றும் அவர்களைக் கேட்காமல்தான் தீர்மானித்தார்கள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மண்வெட்டியோடு போய் குறுக்கே கல் வைத்துத் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பப் பார்த்தேன். ஏழு படிகள் மறுபடி உருவாகியிருக்கின்றன. யாரும் இன்னும் அந்த வழியே வரத் தொடங்கவில்லை. சைக்கிளை அங்கே கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன்.

நண்பருக்குப் பதிலைத் திருத்திச் சொல்ல வேண்டும். இறங்குவதற்கு உயர்ந்தது இன்றும் தோப்புப் பாதைதான். அதை மாற்றிச் சொன்னால் பொய்யாகிவிடும். அவர் கேட்டது நல்ல பாதை எது என்று. அதற்கு நான் பதில் சொல்லவே இல்லை.