விரும்பாமல் செய்த உழைப்பு

விரும்பிச் செய்யாத உழைப்புக்குப் பலன் உண்டா? பந்தயக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி ஏட்டிலிருந்து வரவில்லை. வந்தவாசிப் பக்கம் தமிழ்ச் சமணர்களான நயினார் குடும்பத்தில் பிறந்தவன் நான். வினை என்றால் உயிரின் மேல் வந்து ஒட்டும் நுண்ணிய பொருள் என்று கேட்டே வளர்ந்தேன். நினைப்பதே வினை என்றார்கள் பௌத்தர்கள். தினமும் குதிரை ரத்தத்தைக் குழாயில் பிடிப்பவனுக்கு, எங்கள் பக்கத்து வாதம்தான் முதலில் கண்ணில் படுகிறது.

பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடிவிடும். சிவப்பணுக்களின் மொத்தம் கூட இன்னும் நாளாகும். முன்பு ஓடிய அதே வேகத்தில் ஓடினாலும், தசை உழைக்கும்போது உருவாகும் லாக்டேட் ரத்தத்தில் குறைவாகவே ஏறும். அது லிட்டருக்கு 4 மில்லிமோலை எந்த வேகத்தில் தொடுகிறது என்று பார்த்துத்தான் குதிரையின் தேர்ச்சியை அளக்கிறோம். ஓய்வில் 1-க்கும் கீழே இருப்பது, கடும் பந்தயம் முடிந்ததும் 20-ஐத் தாண்டிவிடும். கோப்பை என்றால் என்ன, பரிசுப்பணம் என்றால் என்ன என்று குதிரைக்குத் தெரியாது. செய்த வேலை மட்டும் ரத்தத்தில் பதிந்துவிடுகிறது.

அப்படியானால் மனதுக்குப் பங்கே இல்லையா? உண்டு. குதிரையின் மண்ணீரல் ஏராளமான சிவப்பணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும். ஓடும்போது சுருங்கி அவற்றை ரத்தத்தில் கொட்டும். ஓய்வில் 40 சதவீதத்தையொட்டி இருக்கும் அணுக்களின் பங்கு 60-ஐத் தாண்டும். ஊசியைக் கண்டு மிரண்டாலும் மண்ணீரல் சுருங்கத்தான் செய்யும். அதனால் லாயத்தில் குதிரையைப் பராமரிக்கும் சைஸ் தலைக்கயிற்றைப் பிடித்து, கழுத்தைத் தடவிக்கொண்டே, "பொறுங்க சார், இவன் இன்னும் அடங்கல" என்பார். காதுகள் தளர்ந்து, தலை தாழ்ந்து, அவர் கண் காட்டும் வரை நான் கழுத்து நரம்பில் கை வைப்பதில்லை. அந்த ஓர் அளவை மட்டும் பார்த்தால், பயந்ததா ஓடியதா என்று சொல்ல முடியாது. குதிரையின் உடம்பு அச்சத்தையும் உழைப்பையும் ஒரே பத்தியில் வரவு வைக்கிறது.

உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் என்ற சமண நூல், தேவராகப் பிறக்கும் தேவகதிக்குரிய காரணங்களில் ஒன்றாக அகாம நிர்ஜரையைச் சொல்கிறது. வேறு வழியில்லாமல், தான் விரும்பாத துன்பத்தைத் தாங்கும்போதும் வினை உதிரும் என்பது அதன் பொருள். இதை எங்கள் சமயத்தின் பெருந்தன்மையாகவே நான் எண்ணுகிறேன். மனம் ஒப்பிச் செய்தவனுக்குத்தான் கூலி என்றால் உலகத்து உழைப்பில் பாதி கணக்கிலேயே வராது. குதிரையுடையதும் வராது, கொத்தடிமையுடையதும் வராது.

ஆனால் இந்தப் பெருந்தன்மை வேறு ஒருவருக்கும் வசதியாகப் போய்விடுகிறது. குதிரை முதலாளி ஒருவர் பரிசோதனைத் தாளைக் காட்டி, "ஓடினா அதுக்கும் நல்லதுதானே டாக்டர், ரத்தம் எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க" என்றார். தாளில் இருந்ததெல்லாம் உண்மை. அதே குதிரையின் மூச்சுக்குழாயில் அன்று காலை குழாய்க் கேமரா விட்டுப் பார்த்திருந்தேன். ரத்தக் கோடு தெரிந்தது. முழுவேகத்தில் ஓடும்போது நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி அவை கிழியும். பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இது ஏதோ ஓர் அளவில் நேர்கிறது. தேர்ச்சி பெற்ற அந்த நல்ல ரத்தம்தான் அங்கே கசிந்திருந்தது.

குதிரைக்கு வினை உதிர்ந்தால் அது குதிரைக்கு. ஓடவைத்தவருக்கும், பணம் கட்டியவருக்கும், ஓடத் தகுதி உண்டு என்று கையெழுத்துப் போட்ட எனக்கும் அதில் சல்லிக்காசு பங்கு கிடையாது. ஒருவர் வினையை இன்னொருவர் சுமக்கவோ கழிக்கவோ முடியாது என்று சொல்வதும் அதே சமண சமயம்தான். கட்டாயத்தில் உழைத்தவருக்குப் பலன் உண்டு என்பதால் கட்டாயப்படுத்தியவரின் கடன் தீர்ந்துவிடாது.

இன்னொன்றும் உண்டு. அகாம நிர்ஜரை தேவகதி வரைதான் கொண்டுபோகும், வீடுபேறு தராது. தேவர் வாழ்வுக்கும் ஒரு நாள் முடிவு உண்டு. பயிற்சியின் பலனும் அப்படித்தான்: ஓட்டத்தை நிறுத்தினால் கூடிய பிளாஸ்மா மெல்ல வற்றும். நான் ஓய்வு எழுதிக் கொடுக்கும்போதெல்லாம் "சேர்த்ததெல்லாம் போயிடுமே" என்று முதலாளிகள் பதறுவது இதனால்தான். போகட்டும். அது குதிரை கேட்டுச் சேர்த்தது அல்ல. ஓய்வு எழுதுவது மட்டும் யாரும் கட்டாயப்படுத்தாமல் நான் செய்வது. அதன் பலனோ பழியோ என் கணக்கில் ஏறட்டும்.