நட்டத்துக்கும் பங்காளி

இலங்கையின் கிழக்கே கல்குடாக் கரையில் கரைவலை இழுக்கும்போது கயிற்றின் இரு தலைப்பிலும் ஆட்கள் நிற்பார்கள். வலையின் மடி கரைக்கு வரும்வரை உள்ளே என்ன கிடக்கிறது என்று சம்மாட்டிக்கும் தெரியாது, கயிறு பிடித்தவருக்கும் தெரியாது. வலையும் தோணியும் சம்மாட்டியுடையவை, உழைப்பு மற்றவர்களுடையது. கிடைப்பதைப் பங்கு போட்டுக்கொள்வது என்பது பேச்சு. மடி நிறைந்து வரும் நாளில் இந்தப் பேச்சில் பெரிய பிணக்கு வருவதில்லை. வெறும் பாசியும் சொறியும் வந்து சேரும் நாளில் யார் எதை இழக்கிறார் என்று பார்த்தால்தான் அந்தக் கூட்டு நியாயமானதா என்பது விளங்கும்.

அருகிலுள்ள வாழைச்சேனையிலிருந்து கடலுக்குப் போகும் படகுகளின் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். மீன் விற்ற காசில் எண்ணெய், ஐஸ், சாப்பாடு ஆகிய செலவுகளை முதலில் கழிப்பார்கள். மிச்சம் படகுக்காரருக்கும் தொழிலாளருக்கும் பங்காகும். விகிதம் இடத்துக்கு இடம் மாறும். பாதிக்குப் பாதி என்பது பரவலானது. பார்க்க நேர்மையான கணக்குத்தான். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. சிறு படகுகளின் இயந்திரம் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுவது. ஒரு தடவைக்கு 30 லீற்றர் என்று வைத்தால் 2,610 ரூபாயாக இருந்த செலவு 10,200 ரூபாய். பங்கு விகிதத்தில் யாரும் கை வைக்கவில்லை. ஆனாலும் செலவு முன்னுக்குக் கழிவதால், கூடிய 7,590 ரூபாயில் பாதி தொழிலாளரின் பங்கிலிருந்து போய்விட்டது. விற்ற காசு செலவுக்கே காணாத நாளில், குறைந்த தொகை அடுத்த பயணத்தின் தலையில் கடனாக ஏறும். உழைத்துவிட்டுக் கடனோடு வீட்டுக்குப் போகும் நிலை அப்படித்தான் உண்டாகிறது.

படகுக்காரரின் பக்கத்தையும் தள்ளிவிட முடியாது. லீசிங் தவணை மீன் பட்டாலும் படாவிட்டாலும் வந்து நிற்கும். வலை கிழிந்தால், இயந்திரம் பழுதானால் அவர்தான் பார்க்க வேண்டும். 1978 நவம்பர் சூறாவளியிலும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையிலும் தோணியும் வலையும் வைத்திருந்த பலர் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்தார்கள். தொழிலாளி நாளைக்கு வேறு படகில் ஏறலாம், எனக்கு இந்தப் படகை விட்டால் வேறு வழியில்லை என்று அவர் சொன்னால் அதில் உண்மை உண்டு. நட்டம் முழுவதையும் முதல் போட்டவர் தலையில் கட்டினால் முதல் போட யாரும் முன்வரமாட்டார்கள் என்ற வாதமும் இதிலிருந்தே வருகிறது.

இந்த வாதத்துக்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. இஸ்லாமிய வணிக அறத்தில் முழாரபா என்று ஒரு முறை. பக்கத்து ஓட்டமாவடி வியாபாரிகளுக்குப் புதிதல்ல. பணம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. இலாபத்தை முன்கூட்டியே பேசிய விகிதத்தில் பிரிப்பார்கள். நட்டம் வந்தால், உழைத்தவரிடம் ஏமாற்றும் அலட்சியமும் இல்லாதவரை, பண நட்டம் முழுவதும் பணம் போட்டவரையே சேரும். உழைத்தவர் தன் உழைப்பை ஏற்கெனவே இழந்துவிட்டார். அதற்கு மேல் அவரைக் கடனாளியாக்குவது ஒரே ஆளிடம் இரண்டு தடவை அறவிடுவதாகும். உழைப்பும் ஒரு முதல்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகு இந்த முடிவிலிருந்து தப்ப முடியாது. இந்த முறையைத் தெரிந்துகொண்டே பல தலைமுறை வியாபாரம் நடந்திருக்கிறது. முதல் போடுவோர் ஓடிவிடவில்லை.

அதே முறையில் உள்ள நிபந்தனையை மறந்துவிடவும் கூடாது. ஒருவரிடம் முற்பணம் வாங்கிக்கொண்டு, பிடித்த மீனில் நல்லதை வேறு வியாபாரிக்குக் கைமாற்றுகிறவர், நட்டத்தில் பொறுப்பில்லை என்று சொல்லும் உரிமையை அந்தக் கணத்திலேயே இழக்கிறார். கணக்கை மறைக்கும் முதலாளிக்கும் இதே நியாயம்தான். எண்ணெய்க்கு எவ்வளவு, மீன் என்ன விலைக்குப் போனது என்ற இரண்டையும் படகில் போன எல்லோரும் பார்க்கக்கூடிய கொப்பி இல்லாத இடத்தில் பங்கு என்ற பேச்சே வீண்.

படகுக்கு வெளியிலும் இதே கேள்விதான். அருகிலுள்ள பாசிக்குடாவில் 2009க்குப் பின் எழுந்த விடுதிகளையும் ஊரவரையும் பற்றிப் பேசும்போது கைகோத்தல், கூட்டாண்மை என்ற சொற்கள் அடிக்கடி வரும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகளின் வருகை சட்டென்று விழுந்தது. சுற்றுலாத் துறையின் கடன்களுக்கு அரசு தவணை நீடிப்புக் கொடுத்தது. விடுதிக்கு மீனும் மரக்கறியும் கொடுத்து வந்தவருக்கு மறுநாள் காலை வாங்க ஆளில்லை. எந்த வங்கியின் பதிவிலும் அவர் சுற்றுலாத் துறை அல்ல. விடுதி நடத்துவோர் இதற்காகத் திட்டமிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் நல்ல காலத்தில் பங்காளி என்று அழைக்கப்பட்டவர் கெட்ட காலத்தில் வெறும் விற்பனையாளராகிவிட்டார். அப்படி ஆகாமலிருக்க, வாங்குவது நிற்குமானால் எத்தனை நாள் முன்னறிவித்தல், அதுவரை குறைந்தபட்சம் எவ்வளவு எடுப்பது என்பதை முதலிலேயே பேசியிருக்க வேண்டும். பேச வைக்கும் பலம் விடுதியிடம்தான் இருந்தது; ஆகவே கடமையும் அதனிடமே இருந்தது.

பேசியதை எழுதிவைக்கவும் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, போட்ட முதல் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும். இன்று அந்த 1,000 ரூபாய்க்கு ஒரு கிலோ அறக்குளா மீன்கூட வாங்க முடியாது. ஆக, கரையில் வாய்ப்பேச்சோடு நடக்கும் கூட்டுகள் பலவும் இந்த வரம்பைத் தாண்டியவை. வாடைக் காலம் தொடங்கிக் கடல் கொந்தளித்து வேலை நிற்கும்போது தொழிலாளியின் பெயரில் மிச்சமிருக்கும் கடன் கழிக்கப்படுமா, அடுத்த பருவத்துக்குப் போகுமா, அவர் வேறு படகுக்குப் போக விரும்பினால் என்ன செய்வது என்பவற்றையே அவற்றுக்கு எழுதும் தாளில் முதலில் எழுத வேண்டும். இலாப விகிதத்தை அதன் கீழே எழுதிக்கொள்ளலாம்.